செமி ஆட்டோ .22 ரைஃபிள் நடுவில் நின்றுவிட்டால்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

பத்துத் தோட்டா போட்டு உட்கார்ந்தால் மூன்றாவதிலேயே நின்றுவிடும். உடனே கை தானாகப் போல்ட்டுக்கு (முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை ஏற்றும் உலோகக் கட்டை) போகும். வெடுக்கென்று இழுத்து, சிக்கியதை உதறிவிட்டு, மறுபடி சுட ஆரம்பிப்போம். நானும் பல வருடம் இப்படித்தான் செய்தேன். அந்த ஒரு உதறலில் தடயம் மொத்தமும் தரையில் போய்விடுகிறது. எந்தக் கோளாறாக இருந்தாலும், போல்ட் எங்கே நிற்கிறது, சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, அடுத்த தோட்டா எங்கே இருக்கிறது என்று ஐந்து விநாடி பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். முடிந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது டெக்ஸாஸில். இங்கே ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடத்துக்கு) வருகிற நம் ஆட்களில் நிறைய பேர் முதலில் வாங்குவது .22 லாங் ரைஃபிள் தோட்டா போடும் செமி ஆட்டோதான், அதாவது ஒரு இழுப்புக்கு ஒன்று சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். அதிலும் ரூகர் 10/22 ரொம்பப் பரவலானது. 1964-இல் வந்த மாடல், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துத்தான். அதே மாதிரி வேலை செய்யும் மற்ற .22-களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கை வைக்கும் முன்

குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. சேஃப்டி போடுங்கள். முதலில் மேகசினை (தோட்டாக்களை அடைத்து மாட்டும் டப்பா) கழற்றுங்கள், அப்புறம்தான் போல்ட்டை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் போல்ட் திரும்பி வரும்போது மேகசினிலிருந்து இன்னொரு தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தள்ளிவிடும். மேகசினைக் கழற்றிய நீங்கள் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். போல்ட்டைத் திறந்து பூட்டி, சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி போடாமல் எதையும் செய்யாதீர்கள். .22 கூட்டின் சுவர் மெல்லியது. அது கிழிந்தால் சூடான வாயு கூடு வெளியேறும் ஜன்னல் வழியாக முகத்துக்குத்தான் வரும்.

இன்னொன்று: .22 கரியில் ஈயம் உண்டு. துடைத்த துணியையும் பிரஷ்ஷையும் சமையலறை மேஜையில் பரப்ப வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

உள்ளே நடப்பது என்ன

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இந்த ரகத்தில் போல்ட்டைப் பூட்டி வைக்கும் ஏற்பாடே கிடையாது. போல்ட்டின் எடையும் அதன் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் தடுப்பு. தோட்டா வெடித்ததும் குண்டு முன்னே போகிறது, கூடு பின்னே தள்ளுகிறது. கனமான போல்ட் கொஞ்சமே நகர்வதற்குள் குண்டு குழலைவிட்டுப் போய்விடும். பின்னால் போகிற போல்ட் ஹேமரை (தோட்டாவைக் குத்தும் ஊசியை அடிக்கிற சுத்தியல்) அழுத்தி மடக்குகிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி கூட்டைப் பிடித்து இழுத்து வருகிறது. எஜெக்டர் அதை இடித்து வெளியே எறிகிறது. பிறகு ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ள, போகிற வழியில் அடுத்த தோட்டாவை உரித்துக்கொண்டு சேம்பருக்குள் திணிக்கிறது.

ஆக, இத்தனை வேலையும் தோட்டாவின் அந்த ஒரு உதையில்தான் நடக்கிறது. உதை குறைந்தாலும், வழியில் உராய்வு கூடினாலும் சுற்று பாதியில் நிற்கும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

கூடு வெளியே வராமல் புகைக்கூண்டு மாதிரி நிற்கிறது

இங்கே இதை ஸ்டவ்பைப் என்பார்கள். ஜன்னலில் வெறுங்கூடு நட்டுக்குத்தாக நின்று, போல்ட் அதைக் கவ்வியிருக்கும். அதிகம் பார்க்கப்படுவது இதுதான், அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். எடுத்த எடுப்பில் எக்ஸ்ட்ராக்டரை மாற்றச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள்: கூடு சேம்பரைவிட்டு வெளியே வந்துவிட்டது, அதாவது எக்ஸ்ட்ராக்டர் ஏதோ வேலை செய்திருக்கிறது. பொதுவாகக் குறைந்தது வேகம்தான். போல்ட் முழுத் தூரம் போகவில்லை, அல்லது மந்தமாகப் போயிருக்கிறது.

முதலில் தோட்டாப் பெட்டியைப் பாருங்கள். சிசிஐ கம்பெனியின் மினி மேக், குண்டின் எடை 40 கிரெயின், விநாடிக்கு 1,235 அடி வேகம். அதே கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி. கொயட்-22 என்று பெயர் போட்டு வரும் சாதாரண 40 கிரெயின் தோட்டா வெறும் 710 அடி. அது செமி ஆட்டோவுக்கானதே இல்லை, ஒவ்வொன்றாகக் கையால் போல்ட் இழுத்துச் சுடத்தான் சரிப்படும். சத்தம் குறைவு என்று அதை வாங்கி வந்து, துப்பாக்கி கெட்டுவிட்டது என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மினி மேக் மாதிரி வேகமான ஒரு பெட்டியைச் சோதனைக்கென்றே பையில் வைத்திருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் துப்பாக்கியைத் திறக்கவே வேண்டாம்.

அதிலும் நின்றால் உராய்வைத் தேட வேண்டும். காலித் துப்பாக்கியில், மேகசின் இல்லாமல், போல்ட்டை முழுக்க இழுத்து, கைப்பிடியை விடாமல் மெதுவாக முன்னே கொண்டுவாருங்கள். கடைசி வரை அது கையைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். எங்காவது கரகரவென்று இழுத்தாலோ, முடிவில் அரை மில்லிமீட்டர் தயங்கி நின்றாலோ அங்கேதான் விஷயம். கைப்பிடியோடு சேர்ந்த ஸ்பிரிங் கம்பி வளைந்திருக்கலாம். ரிசீவர் (போல்ட் ஓடும் உடல்பகுதி) உள்ளே எண்ணெயும் கரியும் சேர்ந்து மைபோல அப்பியிருக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கை தாராளம். தையல் மெஷினுக்கு விடுகிற மாதிரி விட்டுவிடுவார்கள். .22 தோட்டாவின் குண்டில் மெழுகுப் பூச்சு இருக்கும், வெடிமருந்துக் கரியும் அதிகம். மூன்றும் சேர்ந்தால் நூறு தோட்டாவுக்குள் களிம்பாகிவிடும். குளிரில் இன்னும் கெட்டியாகும். போல்ட்டின் அடிப்பக்கம் ஹேமரோடு உரசும் இடத்திலும் பக்கவாட்டிலும் ஒரு சொட்டு தடவித் துடைத்தால் போதும்.

போன வருடம் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன் செய்தான்.

"அண்ணா, நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. இன்னிக்கு ரெண்டுக்கு ஒண்ணு ஸ்டவ்பைப். ஸ்பிரிங் ஆர்டர் பண்ணிடவா?"

"இருப்பா. நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன மாத்தின?"

"ஒண்ணும் மாத்தலண்ணா. ஸ்கோப் மட்டும்தான் போட்டேன்."

சனிக்கிழமை அவன் வீட்டு கராஜில் போல்ட்டை வெளியே எடுத்து விளக்கடியில் பிடித்தோம். கருப்பான போல்ட்டின் மேல்முதுகில், நேர்க்கோடு கிழித்தாற்போல, நகம் பட்டால் தடுக்குகிற அளவுக்கு ஒரு பளபளப்பான கீறல். ஸ்கோப் ரெயிலை ரிசீவரில் பிடிக்கும் திருகுகளில் ஒன்று, தேவையைவிடக் கொஞ்சம் நீளம். ரிசீவரின் கூரையைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்த்து, போல்ட் போகும்போதும் வரும்போதும் உரசிக்கொண்டிருந்தது. திருகின் நுனியை அரத்தால் நாலு தேய்ப்பு தேய்த்தோம். அதோடு சரி. புதிதாக எதையாவது மாட்டிய மறுநாள் கோளாறு வந்தால், மாட்டியதைக் கழற்றிவிட்டு ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள்.

கூடு சேம்பரிலேயே இருக்கிறது

போல்ட் பின்னே போய் வந்திருக்கிறது, ஆனால் வெடித்த கூடு குழலுக்குள்ளேயே இருக்கிறது; அடுத்த தோட்டா அதன் முதுகில் முட்டி நிற்கிறது. இதுதான் உண்மையிலேயே எக்ஸ்ட்ராக்டரைச் சந்தேகிக்க வேண்டிய இடம். ஆனால் அங்கேயும் சேம்பர்தான் முதலில். உள்சுவரில் கரியும் மெழுகும் வளையமாகப் படிந்து கூட்டைப் பிடித்துக்கொள்ளும். அதே துப்பாக்கியில் .22 ஷார்ட் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கூடு குட்டை என்பதால் அதன் வாய் முடிகிற இடத்தில் வளையம் கட்டிவிடும். பித்தளை பிரஷ்ஷில் சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்) நனைத்துச் சேம்பரில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். 10/22-இன் ரிசீவர் பின்னால் அடைபட்டிருக்கும்; கம்பி உள்ளே போகாது. அதனால் சேம்பர் பக்கமிருந்து முன்னே இழுக்கும் கயிறு மாதிரியான பிரஷ் வசதி.

சேம்பர் சுத்தமான பிறகும் தொடர்ந்தால் எக்ஸ்ட்ராக்டர். கொக்கியின் நுனி கூர்மையாக இருக்கிறதா, அதன் பள்ளத்தில் பித்தளைத் துகள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல்குச்சியால் நோண்டினாலே பல நேரம் சரியாகிவிடும். கழற்றத்தான் வேண்டும் என்றால் போல்ட்டை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றுங்கள். அதை அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் அரிசி மணி கனம்கூட இருக்காது. ஒருமுறை பறந்தால் கார்ப்பெட்டில் தேடிக் கிடைக்காது. நான் காந்தம் கட்டிய குச்சியோடு ஒரு மணி நேரம் தவழ்ந்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் தோட்டா. ஸ்டிங்கர் மாதிரி 1,640 அடி வேகத் தோட்டாவின் கூடு, சாதாரண .22 லாங் ரைஃபிளைவிடச் சற்று நீளம். கம்பெனியின் சாதாரண குழலில் பிரச்சினை இல்லை. போட்டிக்கென்று இறுக்கமாகக் கடைந்த குழல் மாட்டியிருந்தால் அதைப் போடக் கூடாது. சிக்குவது மட்டுமில்லை, அழுத்தமும் ஏறும்.

கூடு போய்விட்டது, ஆனால் புதுத் தோட்டா ஏறவில்லை

க்ளிக் என்று கேட்கும், திறந்து பார்த்தால் சேம்பர் காலி. இங்கே ஒரு கேள்விதான்: கடைசிக் கூடு எப்படி விழுந்தது? மற்றவை விழுந்த இடத்திலேயே தெறித்து விழுந்திருந்தால் போல்ட் தன் வேலையைச் செய்துவிட்டது; மேகசின் தோட்டாவை நேரத்துக்கு மேலே தரவில்லை. காலடியில் சொத்தென்று விழுந்திருந்தால் போல்ட் குறைத் தூரம்தான் போயிருக்கிறது. ஸ்டவ்பைப்புக்குச் சொன்னதையே செய்யுங்கள்.

மேகசின்களுக்கு மார்க்கரால் எண் போடுங்கள். இது சின்ன வேலை, ஆனால் இதைவிட நேரம் மிச்சப்படுத்துவது வேறில்லை. என்னிடம் இருந்த நாலில் எல்லாச் சிக்கலும் இரண்டாம் நம்பரில்தான் வந்துகொண்டிருந்தது; எண் போடும் வரை ஆறு மாதம் துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 10/22 மேகசின் பத்துத் தோட்டாவைச் சக்கரமாகச் சுற்றி வைக்கும் டப்பா. மேல்தோட்டாவை விரலால் அழுத்தி விடுங்கள். கீழே போய்ச் சட்டென்று எழும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால் உள்ளே அழுக்கு. சால்வென்ட் அடித்து, ஆட்டி, கவிழ்த்து, நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் போதும். உள்ளே எண்ணெய் விட வேண்டாம். முன்பக்கத் திருகைக் கழற்றித் திறந்தால், சக்கரத்துக்கு முறுக்கேற்றி வைத்திருக்கும் ஸ்பிரிங் அவிழ்ந்துவிடும். திரும்ப எத்தனை முறுக்கு என்று கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தோட்டாவின் மூக்கு சேம்பர் வாயில் முட்டி நிற்கிறது

மேகசின் முழுக்கப் பூட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் சரிபாருங்கள். அடியிலிருந்து தட்டி, கீழே இழுத்தும் பாருங்கள். அடுத்தது குண்டின் வடிவம்: மூக்கில் குழியோடு வாய் அகன்ற ஹாலோ பாயின்ட் சில துப்பாக்கிகளில் முட்டும், உருண்டை மூக்கு வழுக்கிப் போய்விடும். ஈயக் குண்டின் மூக்கில் எப்போதும் ஒரே இடத்தில் கீறல் விழுகிறதென்றால் அதற்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பைப் பாருங்கள். பழைய .22-கள் சிலவற்றில் தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்து இழுத்தே ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) சேம்பர் விளிம்பில் குத்திப் பிசிர் எழுப்பியிருக்கும். 10/22-இல் பின் அவ்வளவு தூரம் வராது. பிசிரை நீங்களே அரம் போட்டுச் சரிசெய்யப் போகாதீர்கள். அதற்கென்று கருவி இருக்கிறது, கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) கொடுங்கள்.

க்ளிக் மட்டும், தோட்டா உள்ளே இருக்கிறது, வெடிக்கவில்லை

குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். தாமதித்து வெடிப்பது அபூர்வம், ஆனால் உண்டு. அப்புறம் எடுத்து ரிம்மை (கூட்டின் அடியில் இருக்கும் விளிம்பு) பாருங்கள். .22-இல் பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை, ரிம்மின் மடிப்புக்குள் சுழற்றி நிரப்பியது. ஏதாவது ஒரு இடத்தில் மருந்து சேராமல் விட்டுப்போயிருந்தால், பின் அங்கே குத்தினால் வெடிக்காது.

குத்து ஆழமாக, தெளிவான செவ்வகமாக இருந்தால் தோட்டாவின் குறை. அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு மறுபடி சுட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். வெடிக்காததை ரேஞ்சில் அதற்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள், குப்பையில் வேண்டாம். குத்து மேலாக, கோடு போட்டதுபோல இருந்தால் துப்பாக்கியின் குறை. அதில் ஒரு சூட்சுமம்: போல்ட் முழுக்க மூடாமல் இருந்தால் ஹேமரின் பாதி பலம் அதை மூடுவதிலேயே போய்விடும், பின்னுக்கு மிச்சமே கிடைக்காது. ஆகவே ஹேமர் ஸ்பிரிங்கை வாங்கும் முன் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்தது போல்ட்டில் ஃபயரிங் பின் ஓடும் பள்ளம். அங்கே கிரீஸ் இருக்கவே கூடாது.

சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து "புஸ்" என்று கேட்டால்

சுடுவதை அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா தானாக ஏறியிருந்தாலும் சுடாதீர்கள். குழல் வீங்கும், பிளக்கும். காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் மேலே யோசிக்க வேண்டும்.

ஒருமுறை இழுத்தால் இரண்டு வெடிக்கிறது

இதில் வீட்டு வைத்தியம் கிடையாது. மேகசினைக் கழற்றி, காலி செய்து, பையில் போட்டு, கன்ஸ்மித்திடம் போங்கள். ட்ரிகர் பாகங்கள் தேய்ந்திருக்கலாம், யாரோ தேய்த்திருக்கலாம். ஆபத்து ஒருபுறம், ஒரே இழுப்பில் ஒன்றுக்கு மேல் சுடுவது அமெரிக்காவின் 1934 சட்டப்படி மெஷின் கன் வரையறைக்குள் வருகிறது.

வாயுவில் ஓடும் ரைஃபிள் என்றால்

ஏஆர்-15 மாதிரியானவற்றில் உதை நேராகக் கூட்டிலிருந்து வருவதில்லை. குழலில் ஒரு துளை வழியாக வாயுவை எடுத்துப் போல்ட்டைத் தள்ளுகிறார்கள். அறிகுறிகள் கிட்டத்தட்ட இவைதான், தேடும் இடம் மாறும். போல்ட் கேரியரின் (போல்ட்டைச் சுமந்து ஓடும் பாகம்) மேலே வாயு நுழையும் குழாய்த்துண்டு தளர்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். போல்ட்டின் தலையை வெளியே இழுத்து, கேரியரைத் தலைகீழாக அந்தத் தலை மேலேயே நிற்க வையுங்கள். தன் எடையிலேயே சரிந்து இறங்கினால் வாயு வளையங்கள் தேய்ந்துவிட்டன.

தோட்டாவை மாற்றினாலே துப்பாக்கி திக்கும் என்பதற்குப் பெரிய சாட்சி இந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது. வியட்நாமில் எம்-16 சிப்பாய்களின் கையில் சிக்கிச் சிக்கி நின்றது. கூடு சேம்பரில் மாட்டிக்கொண்டு, சுத்தம் செய்யும் கம்பியை முன்னாலிருந்து விட்டுத் தள்ள வேண்டியிருந்தது. வடிவமைத்தபோது இருந்த வெடிமருந்தை மாற்றி உருண்டை மருந்து போட்டிருந்தார்கள். சுற்று வேகம் ஏறியது, கரியும் கூடியது. சேம்பருக்கு குரோம் பூச்சு இல்லை, சுத்தம் செய்யும் சாமானும் போதவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு விசாரித்து ராணுவத்தைக் கடுமையாகச் சாடியது. பிறகு சேம்பருக்கு குரோம் பூச்சு வந்தது.

கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் திறந்து நிற்கவில்லை

இதைக் கேட்டு எனக்கு வருகிற போன்தான் அதிகம். 10/22-இல் இது கோளாறே இல்லை. பத்தும் தீர்ந்த பிறகு போல்ட் தானாக மூடிக்கொள்ளும், அடுத்த இழுப்பில் க்ளிக் என்று கேட்கும். திறந்து வைக்க வேண்டுமென்றால் போல்ட்டை இழுத்துப் பிடித்து, ட்ரிகர் கார்டுக்கு முன்னால் இருக்கும் பூட்டைக் கையால் அழுத்த வேண்டும். ரேஞ்சில் "சீஸ் ஃபயர்" (சுடுவதை நிறுத்து) என்று கூப்பிட்டதும் மேகசினைக் கழற்றி, அதைத்தான் செய்துவிட்டு, காலி என்று காட்டும் மஞ்சள் கொடியைச் சேம்பரில் செருகி, பெஞ்சை விட்டுப் பின்னால் வந்து நிற்பார்கள்.